மோட்டார் நுழையாத மலைவழிகள்

மக்கள் கூடி வாழத் தொடங்கிய காலத்திலேயே வழிகளும் தோன்றின. காட்டில் ஒருவர் நடந்த தடத்தில் மற்றொருவர் நடந்தார். அத்தடம் ஒற்றையடிப் பாதையாயிற்று. மாடும் குதிரையும் வண்டி இழுத்தபோது அது வண்டிப் பாதையாயிற்று. எந்திர ஊர்தி தோன்றிய பின்னர், அதுவே அகன்ற சாலையாயிற்று. இவ்வளர்ச்சியால் மக்கள் அடைந்த நன்மைகள் பல. ஆயினும், நடப்பவருக்காகத் தோன்றிய வழியில் நடப்பவரே ஒதுங்கி நிற்க நேர்ந்ததும் இவ்வளர்ச்சியின் விளைவே. இன்று பெருஞ்சாலை ஒன்றில் மிதிவண்டியில் செல்லும் சிறுவனுக்கு மலையழகையோ ஏரியழகையோ காண நேரமில்லை; முன்னும் பின்னும் வரும் ஊர்திகளைக் கவனிப்பதிலேயே அவனுடைய கண்ணும் காதும் ஈடுபட்டிருக்கின்றன.

மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய அந்த நாளிலேயே இவ்விளைவை உணர்ந்து, அவ்வண்டிகள் நுழையக் கூடாத சாலைகளை மலைகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே ஒருவர் அமைத்தார். அவர் பெட்ரோலியத் தொழிலால் உலகப் பெருஞ்செல்வரான ஒருவரின் மகன் என்பது வியப்பைத் தரும் செய்தியாகும். அச்சாலைகள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கோடியில், மெயின் மாநிலத்தில், அகேடியா தேசியப் பூங்காவில் உள்ளன. குதிரை வண்டிகளுக்காக அமைக்கப்பட்ட அவை, இன்று மிதிவண்டி செலுத்துவோரின் பெருவிருப்புக்குரிய சரளைப் பாதைகளாக விளங்குகின்றன.

மெயின் மாநிலத்தின் கரையை அடுத்து அட்லாண்டிக் பெருங்கடலில் மவுண்ட் டெசர்ட் என்னும் தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 108 சதுர மைல். இருபதுக்கும் மேற்பட்ட மலைகள் அத்தீவில் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் காடிலாக் மலை 1,530 அடி உயரமுடையது. இமயத்தையும் நீலகிரியையும் அறிந்த நமக்கு இவ்வுயரம் சிறிதாகவே தோன்றும். ஆனால், கடல் மட்டத்திலிருந்தே நேராக எழுவதால், அலைகளின் அருகில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு அம்மலைகள் தம் அளவினும் பெரியனவாகக் காட்சி தருகின்றன. அமெரிக்க நாட்டின் அட்லாண்டிக் கரையை ஒட்டிய சிகரங்களுள் காடிலாக் மலையே உயர்ந்தது.

மலைகளுக்கு இடையே ஏரிகள் நீண்டு கிடக்கின்றன. ஈகிள் ஏரி, ஜோர்டன் குளம், பபுள் குளம் என்பவை அவற்றுட் சில. குளம் என்று பெயர் பெற்றிருப்பினும், ஜோர்டன் குளத்தின் ஆழம் 150 அடி. இவ்வேரிகளும் மலைகளும் பெரும்பாலும் வடக்குத் தெற்காகவே அமைந்திருக்கின்றன. இதற்குக் காரணம் யாது? பனியூழிக் காலத்தில் அந்நிலப்பரப்பு முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. மலைகளையும் மறைக்கும் கனமுடைய அப்பனிப்பாளம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. அது தன் அடியில் சிக்கிய பாறைகளை உளியாகக் கொண்டு, கிழக்கு மேற்காகக் கிடந்த கிரானைட் மலைத்தொடரைப் பல இடங்களில் அறுத்தது. அறுபட்ட இடங்கள் பள்ளத்தாக்குகளாயின. எஞ்சிய பகுதிகள் தனித்தனி மலைகளாயின. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகியபோது பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயிற்று. பனிப்பாளம் பல மைல் தொலைவிலிருந்து சுமந்து வந்து மலைமேல் விட்டுச்சென்ற பெரும்பாறை ஒன்று, இன்றோ நாளையோ உருண்டு விழுந்துவிடும் என்று காண்பவர் அஞ்சுமாறு, பபுள் மலையின் விளிம்பில் இன்றும் நிற்கிறது.

இத்தீவில் வபனாக்கி என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவர்கள் இதனைப் பெமெட்டிக் என்று வழங்கினர். 1604-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கடலோடியாகிய சாமுவேல் த ஷாம்பிளேன் இவ்வழியே கப்பலில் வந்தார். மரமற்ற பாறையாய்த் தோன்றிய மலையுச்சிகளைக் கண்டு, ‘மொட்டை மலைத் தீவு’ என்னும் பொருள்பட அவர் ஒரு பெயரிட்டார். அப்பெயரே சிறிது மாறி இன்று வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் ஓவியர்கள் இங்கு வந்து தங்கி, மலையும் கடலும் கலந்த காட்சிகளைத் தீட்டினர். அவ்வோவியங்களைக் கண்ட நகர மக்கள் கோடைதோறும் வரத் தொடங்கினர். பின்னர்ச் செல்வர் பலர் வந்து மாளிகைகளை எழுப்பினர்.

செல்வர்களின் வரவால் நிலத்தின் விலை ஏறியது. எந்திர வாள் கொண்டு மரங்களை அறுக்கும் ஆலைகள் காட்டிற்குள்ளேயே வந்துவிடும் என்னும் அச்சமும் எழுந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்த சார்லஸ் எலியட், ஜார்ஜ் டார் முதலியோர் 1901-ஆம் ஆண்டில் கூடி, மலைகளையும் ஏரிக்கரைகளையும் பொதுமக்களுக்காகக் காப்பதற்கு ஓர் அறக்குழுவை அமைத்தனர். டார் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் இப்பணிக்கே அளித்தார். குழுவினர் திரட்டிய நிலங்களை அரசு ஏற்று, 1916-இல் தேசிய நினைவிடமாக அறிவித்தது. 1919-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1929 முதல் அகேடியா என்னும் பெயர் பெற்றது. அரசு விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் அமையாமல், மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில் எழுந்த பூங்கா அது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வாறு நிலம் அளித்தோருள் தலைசிறந்தவர் இளைய ஜான் ராக்பெல்லர். 1874-இல் பிறந்து 1960-இல் மறைந்த இவர், ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் எண்ணெய் நிறுவனத்தை நிறுவிய மூத்த ராக்பெல்லரின் ஒரே மகன். 1910-ஆம் ஆண்டில் இவர் தீவின் தென்கரையில் ஒரு மாளிகையை வாங்கினார். அக்காலத்தில் அத்தீவின் சாலைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. வண்டியின் இரைச்சலும் புழுதியும் குதிரைகளை மிரளச் செய்ததால், ஊர் மக்கள் அவற்றைத் தடுத்து வைத்திருந்தனர். ஆனால், காலத்தின் போக்கை எவ்வளவு நாள் தடுக்க முடியும்? சில ஆண்டுகளுக்குள்ளேயே தடை தளர்ந்தது. தீவின் சாலைகளில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கின.

இளைய ராக்பெல்லர் குதிரை வண்டி ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். நல்ல சாலையை எவ்வாறு அமைப்பது என்பதனை இளமையிலேயே தம் தந்தையின் தோட்டங்களில் கண்டு பயின்றவர். மோட்டாரை அவர் வெறுத்தார் அல்லர். அதற்கென்று தனிச் சாலை அமைக்கவும் பிற்காலத்தில் பொருள் உதவினார். ஆனால், மோட்டாருக்கு ஒரு வழி உண்டெனில், அமைதியை நாடுவோர்க்கும் ஒரு வழி வேண்டும் என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக, 1913-ஆம் ஆண்டு முதல் 1940-ஆம் ஆண்டு வரை 57 மைல் நீளமுள்ள சாலைகள் தீவின் உட்பகுதியில் உருவாயின. அவற்றுள் 45 மைல் இன்று பூங்காவின் எல்லைக்குள் உள்ளது.

இச்சாலைகள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதை அறிவது பயனுடையதாகும். மண்ணைச் சமப்படுத்தி அதன்மேல் கல்லைக் கொட்டினால் மட்டும் சாலையாகிவிடாது. சாலைக்குப் பெரும்பகை நீரே. மண்ணில் நீர் ஊறினால் அது குழைந்து பாரத்தைத் தாங்கும் வலிமையை இழக்கிறது. குளிர்நாடுகளிலோ இத்தீங்கு இருமடங்காகும். நீர் பனிக்கட்டியாய் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. கற்களின் இடையே தங்கிய நீர் இங்ஙனம் பெருத்துக் கற்களை மேலே தள்ளுகிறது. உருகியபின் அவ்விடம் குழியாகிறது. ஆதலின், நீரைத் தங்கவிடாமல் வெளியேற்றுவதே சாலை அமைப்போரின் முதற்கடமை.

ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஜான் லவுடன் மக்கடம் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வுண்மையை நடைமுறைப்படுத்தினார். உருண்டையான கூழாங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். உடைத்த கற்களுக்கோ கூரிய விளிம்புகள் உண்டு. வண்டிகளின் பாரம் அழுத்த அழுத்த, அவ்விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டுப் போட்டாற்போல இறுகிவிடுகின்றன. இதனால், சுண்ணாம்பும் தாரும் இன்றியே சாலை உறுதி பெறுகிறது. நம் நாட்டில் கப்பிச் சாலை என்று வழங்கப்பெற்ற சாலைகள் இம்முறையைத் தழுவியவையே.

அகேடியாவின் சாலைகளும் உடைத்த கல்லால் ஆனவை. அவற்றின் அகலம் ஏறத்தாழ 16 அடி. அடியில் பெருங்கற்களும், அவற்றின்மேல் சிறுகற்களும், மேற்புறத்தில் நுண்சரளையுமாக மூன்று அடுக்குகள் இடப்பட்டன. சாலையின் நடுப்பகுதி ஓரங்களைக் காட்டிலும் ஆறு முதல் எட்டு அங்குலம் வரை உயர்த்தி அமைக்கப்பட்டது. ஆமையின் முதுகு போன்ற இவ்வமைப்பால் மழைநீர் சாலையில் தங்காமல் இருபுறமும் வடிகிறது. வடியும் நீரை ஏற்க அகன்ற வாய்க்கால்கள் உள்ளன. மலைச்சரிவிலிருந்து வரும் ஓடைநீர் சாலையை அரிக்காதவாறு, அதனை அடிவழியே கடத்திவிடக் கல்லால் மதகுகள் கட்டப்பட்டன.

மலைமேல் சாலையை ஏற்றுவது மற்றொரு சிக்கலாகும். நூறு அடி உயரம் ஏற வேண்டுமெனக் கொள்வோம். ஐந்து அடிக்கு ஓரடி உயரும் சாலையாயின் 500 அடி நீளம் போதும். இருபது அடிக்கு ஓரடி உயரும் சாலையாயின் 2,000 அடி நீளம் வேண்டும். உராய்வை நீக்கிப் பார்த்தால், இரு வழியிலும் செய்யப்படும் வேலையின் அளவு ஒன்றே. ஆனால், ஒவ்வோர் அடியிலும் செலுத்த வேண்டிய விசை, நீண்ட வழியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. வண்டி இழுக்கும் குதிரைக்கு எது ஏற்றது என்பது வெளிப்படை. ஆதலின், சாலைகள் சரிவை நேராக எதிர்க்காமல், மலையைச் சுற்றியும் வளைந்தும் மெல்ல ஏறுகின்றன. குதிரையின் களைப்பைத் தணிக்க நூறாண்டுகளுக்கு முன் மேற்கொண்ட அம்முறை, இன்று மிதிவண்டியில் ஏறும் சிறுவர்க்கும் முதியவர்க்கும் துணை செய்கிறது.

சாலைக்காக மலையைச் சிதைக்காமல் இருப்பதிலும் ராக்பெல்லர் கருத்தூன்றினார். சரிவை வெட்டித் தட்டையாக்குவது எளிது, செலவும் குறைவு. ஆனால், அவர் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் தாங்குசுவர்களை எழுப்பச் செய்து, மலையின் இயற்கை வடிவத்தையும் அதில் நின்ற மரங்களையும் காத்தார். பள்ளம் உள்ள ஓரங்களில் தடுப்பாகப் பெரிய கிரானைட் கற்கள் வரிசையாக நடப்பட்டன. அவை நன்கு செதுக்கப்படாமல், இயற்கைக் கற்கள் போலவே சீரற்ற இடைவெளியில் நிற்கின்றன. மக்கள் அவற்றை ‘ராக்பெல்லரின் பற்கள்’ என்று வேடிக்கையாக வழங்குவர். கட்டடப் பணியால் வெறுமையான சாலையோரங்களில் பியாட்ரிக்ஸ் பேரண்டு என்னும் தோட்டக்கலை அம்மையாரின் யோசனைப்படி அந்நிலத்திற்கே உரிய செடிகள் நடப்பட்டன. வேற்றுநாட்டுப் பூஞ்செடிகளைக் கொணர்ந்து அலங்கரிக்காமல், அங்கேயே விளையும் நீலநிறச் சிறுகனிச் செடிகளும் பெரணி போன்ற இலையுடைய செடிகளும் இடம் பெற்றன. சில ஆண்டுகளில் காடும் சாலையும் பிரித்தறிய முடியாதபடி இயைந்துவிட்டன.

ஓடைகளையும் பள்ளங்களையும் மோட்டார்ச் சாலைகளையும் கடக்கப் பதினேழு கற்பாலங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பதினாறு பூங்காவிற்குள் உள்ளன. முதற்பாலம் 1917-இல் எழுந்தது. ஓடையில் கிடைத்த உருண்டைக் கற்களால் அதன் முகப்பு அமைந்திருக்கிறது. பின்னர்க் கட்டப்பட்டவை இரும்புக் கம்பி இட்ட காங்கிரீட்டால் உள்ளுடம்பும், தீவின் கிரானைட் கல்லால் வெளிமுகமும் உடையவை. ஒரே அச்சில் வார்த்தாற்போலப் பாலங்களைக் கட்டிவிடாமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திற்கேற்ப அமைத்தனர். ஜோர்டன் குளத்திற்கு வடக்கேயுள்ள மான் ஓடைப் பாலத்தில் உயர்ந்த இரட்டை வளைவுகள் உள்ளன. வாத்து ஓடைப் பாலத்திலோ மூன்று வளைவுகள் உள்ளன. அருவிக்கு முன்னே கட்டிய பாலம், அருவியை நின்று காண்பதற்கு ஏற்ற முற்றம் போல அமைந்திருக்கிறது. பெரிய எந்திரங்கள் மிகுதியாக இல்லாத அக்காலத்தில், கல்லை உடைத்தவரும் செதுக்கியவரும் சுமந்தவருமாகிய தொழிலாளர் பலரின் கைத்திறமே இப்பணிக்கு அடிப்படை. பெயர் பொறிக்கப்படாத அவர்களுடைய உழைப்பை ஒவ்வொரு பாலத்தின் கல்லிலும் காணலாம்.

இத்தகைய பணிக்கும் எதிர்ப்பு எழாமல் இல்லை. “சாலை என்பது எவ்வளவு அழகாக அமைந்தாலும் சாலையே. அது வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் காட்டின் தனிமை அழியும். நடந்து செல்வோர் மட்டும் எய்திய இடங்களை அவ்வாறே விட்டுவிடுவது நல்லது” என்பது எதிர்த்தோரின் கருத்து. 1920-களில் அவர்கள் தம் முறையீட்டை நாட்டின் தலைநகருக்கே கொண்டு சென்றனர். மறுசாரார், “காடு எல்லார்க்கும் உரியது. உடல் வலிமை உடையோர் மட்டும் மலையேறிக் காணும் காட்சியைக் குழந்தைகளும் முதியோரும் காண வேண்டாமா?” என்று வினவினர். இரு சாராரின் கூற்றிலும் உண்மை இருந்தது. ராக்பெல்லர் எதிர்ப்பைப் புறக்கணிக்கவில்லை. சில இடங்களில் பணியை நிறுத்தி வைத்தார். சில திட்டங்களைக் கைவிட்டார். அரசின் இசைவு பெற்ற இடங்களில் மட்டும் தொடர்ந்தார். இயற்கையை மக்கள் துய்ப்பதற்கும் இயற்கையைக் காப்பதற்கும் இடையே எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்னும் அவ்வினா, உலகின் மலைநாடுகள் அனைத்திலும் இன்றும் எழுந்துகொண்டே இருக்கிறது.

சாலைகளுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1947-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு கோடையும் இலையுதிர்காலமும் மழையின்றிக் கழிந்தன. காடு காய்ந்து கிடந்தது. அக்டோபர்த் திங்களில் பற்றிய தீ, கடுங்காற்றின் துணையால் மலைகளைத் தாவிப் பரவியது. தீவில் 17,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. அதில் 10,000 ஏக்கருக்கு மேல் பூங்காவைச் சேர்ந்தது. செல்வர்களின் மாளிகைகளும் எளியோரின் வீடுகளும் ஒருங்கே சாம்பலாயின. ஊசியிலை மரங்கள் அடர்ந்திருந்த சரிவுகள் கரிந்த அடிமரங்களோடு நின்றன. ராக்பெல்லர் தம் ஆட்களைக் கொண்டு எரிந்த மரங்களை அகற்றச் செய்தார். ஆண்டுகள் சென்றபின் அச்சரிவுகளில் பிர்ச்சு முதலிய அகன்ற இலை மரங்கள் தாமே முளைத்தெழுந்தன. இலையுதிர்காலத்தில் அவற்றின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும் காட்சியைக் காண இன்று திரளான மக்கள் வருகின்றனர். தீ விட்டுச்சென்ற தழும்பே நாளடைவில் அணியாக மாறிற்று எனலாம்.

தீயினும் மெல்லிய பகையொன்று பின்னர் வந்தது. அது கவனிப்பின்மை. ராக்பெல்லர் வாழ்ந்த காலத்தில் அவர் செலவிலேயே சாலைகள் பேணப்பட்டு வந்தன. 1960-இல் அவர் மறைந்தபின், பூங்காவின் குறைந்த வருவாய் அதற்குப் போதவில்லை. வாய்க்கால்களில் சருகு அடைந்தது. சாலையோரங்களில் மரங்கள் முளைத்து, ஏரிக் காட்சிகளை மறைத்தன. நடுமேடு தேய்ந்து நீர் தேங்கியது. மேற்சரளை அடித்துச் செல்லப்பட்டு அடியிலிருந்த பெருங்கற்கள் தலைநீட்டின. ஒரு பொதுச் சொத்தை ஆக்குவதற்கு ஒருவரின் செல்வம் போதும். அதனைக் காப்பதற்குப் பலருடைய கருத்தும் கையும் வேண்டும் என்பதை அந்நிலை உணர்த்தியது.

நல்லவேளையாக, அக்கருத்து மக்களிடையே தோன்றியது. அகேடியாவின் நண்பர்கள் என்னும் அமைப்பு 1986-இல் தோன்றியது. தொண்டர்கள் ஆண்டுதோறும் கூடி வாய்க்கால்களைத் தூர் வாரினர், சருகுகளை அகற்றினர். அரசு ஒதுக்கிய பணமும் மக்கள் அளித்த பணமும் ஒன்றுசேர, 1992 முதல் 1995 வரை சாலைகள் பெருமளவில் செப்பனிடப்பட்டன. இனி ஒருமுறை அவை சிதைந்து போகாதிருக்க, பராமரிப்புக்கென்றே ஒரு நிலையான நிதியும் அமைக்கப்பட்டது. அந்நிதியின் வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் பணிகள் நடைபெற்று வருகின்றன.

குதிரை வண்டிக் காலம் கடந்தபின், இச்சாலைகளைத் தமக்கெனக் கொண்டவர்கள் நடைப் பயணிகளும் மிதிவண்டியினருமே. மிதிவண்டியில் செல்பவர் தம் வலிமைக்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்ளலாம். ஈகிள் ஏரியைச் சுற்றிவரும் வழி ஏறத்தாழ 6 மைல். ஏரிநீர் ஒருபுறம் மின்ன, மரநிழல் மறுபுறம் தொடர, பெரிய ஏற்றம் இன்றிச் சிறுவரும் இதனைக் கடக்கலாம். பார் ஆர்பர் என்னும் ஊருக்கு இவ்வேரியே குடிநீர் அளிப்பதால், இதில் நீந்துவது தடுக்கப்பட்டுள்ளது. விச் ஓல் குளத்தைச் சுற்றும் வழியில், பீவர் என்னும் விலங்கு கிளைகளையும் சேற்றையும் கொண்டு ஓடைகளைத் தடுத்துக் கட்டிய அணைகளைக் காணலாம். மலையைச் சுற்றும் பெருவழி ஏறத்தாழ 11 மைல் நீளமுடையது. அது சார்ஜண்டு முதலிய மலைகளின் தோள்மீது ஏறிச் செல்கிறது. உச்சிப்பகுதியை அடைந்து திரும்பிப் பார்ப்பவர்க்குக் காடும், ஏரியும், தீவுகள் சிதறிய கடலும் ஒருங்கே புலனாகின்றன. பாதைகள் பிரியும் இடந்தோறும் எண் பொறித்த கம்பங்கள் நிற்கின்றன. கையில் உள்ள நிலப்படத்தில் அதே எண்ணைக் கண்டு, புதியவரும் வழி தவறாமல் செல்லலாம்.

சரளைப் பாதையில் மிதிவண்டி செலுத்துவது தார்ச்சாலையில் செலுத்துவதினும் வேறானது. தார்ச்சாலை வழவழப்பானது, அதற்குக் குறுகிய, இறுக்கமாகக் காற்றடைத்த சக்கரம் ஏற்றது. அச்சக்கரம் சரளையில் ஓடும்போது ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும்போது வண்டியையும் மனிதனையும் மேலே தூக்குவதில் விசை வீணாகிறது. அகன்ற சக்கரத்தில் காற்றைச் சிறிது குறைத்து அடைத்தால், அது சிறுகல்லைத் தன் மென்மையால் தழுவிக்கொண்டு உருள்கிறது. நிலத்தைத் தொடும் பரப்பும் மிகுவதால் பிடிப்பும் பெருகுகிறது. அண்மைக் காலத்தில் சரளைப் பாதைக்கென்றே அகன்ற சக்கரங்களோடு தனிவகை மிதிவண்டிகள் செய்யப்படுவது இதனாலேயே. இறக்கத்தில் தடையைத் திடீரென்று பிடித்தால், சக்கரம் சுழல்வது நின்று, உதிரிக்கற்கள்மேல் வழுக்கிவிடும். ஆதலின், வளைவை அடையும் முன்பே வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

மோட்டார் இல்லாத சாலையிலும் ஒழுங்கு வேண்டும். மிதிவண்டியில் செல்வோர் நடப்பவர்க்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. குதிரை பின்னாலிருந்து ஓசையின்றி வரும் வண்டியைக் கண்டு மிரளும் இயல்புடையது. எனவே, கடந்து செல்வதற்கு முன் குரல் கொடுத்து வேகத்தைத் தணிக்க வேண்டும். நடைப் பயணிகளுக்கென்று உள்ள ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டிக்கு இடமில்லை. பூங்காவின் எல்லைக்கு வெளியே தனியார் நிலத்தில் செல்லும் வண்டிச் சாலைகளிலும் மிதிவண்டி செல்லலாகாது. பனி உருகும் இளவேனிற் காலத்திலோ, பூங்காவின் சாலைகளும் அனைவர்க்கும் மூடப்படுகின்றன. அப்பருவத்தில் மேற்பரப்புப் பனி உருகினாலும் அடிமண் உறைந்தே இருக்கும். நீர் கீழே இறங்க வழியின்றிச் சாலை சேறாகும். அந்நிலையில் ஒரு சக்கரம் பதித்த தடம் ஓராண்டு உழைப்பைக் கெடுத்துவிடும். “சாலை உலரும்வரை பொறுத்திருங்கள்” என்னும் வேண்டுகோளுக்கு மக்கள் இணங்கி நடப்பதாலேயே சாலைகள் நிலைத்திருக்கின்றன.

2021-ஆம் ஆண்டில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் இப்பூங்காவில் பதிவாயின. காடிலாக் மலையுச்சிக்குச் செல்லும் மோட்டார்ச் சாலையில் நெரிசல் மிகுந்ததால், அவ்வாண்டு முதல் கோடையில் முன்பதிவு செய்த வண்டிகளுக்கே அங்கு இடம் அளிக்கப்படுகிறது. அந்நெரிசலுக்குச் சில மைல் தொலைவில், ஏரிக்கரைச் சரளைப் பாதையில் கேட்பதோ சக்கரம் கல்லில் உருளும் ஓசையும் லூன் என்னும் நீர்ப்பறவையின் குரலுமே. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்ட தொலைநோக்கின் பயன் இதுவாகும்.

சாலை அமைப்பது நாகரிகத்தின் அடையாளம் என்பர். எந்தச் சாலையில் எது செல்லலாம், எது செல்லலாகாது என்று வரையறுத்து, அவ்வரையறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்பது அதனினும் உயர்ந்த நாகரிகம் அன்றோ! மலையும் ஏரியும் உள்ள ஊர்கள் உலகில் பல. அவற்றைக் காண வருவோரும் நாளுக்கு நாள் பெருகுகின்றனர். அவ்வூர்களில் ஊர்திகளுக்குச் சாலை வேண்டுவதே. அதனோடு, ஒரு சிறுவன் அச்சமின்றி மிதிவண்டி செலுத்தவும், ஒரு முதியவர் நின்று நீரைப் பார்க்கவும் ஏற்ற வழி ஒன்றும் வேண்டும். அத்தகைய வழியை ஆக்குவோர் சிலராக இருக்கலாம். அதனைக் காப்போர் அதில் செல்லும் அனைவரும் ஆவர்.